பிரபலங்களுக்கு விதிக்கப்படும் சிறைத்தண்டனை போதுமானதா?

நொய்யல்கரைவாசி, கோயம்புத்தூர்:

நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன். காந்திபுரத்துக்குப் பக்கத்தில், மத்திய சிறையின் மதிலை ஒட்டிய சாலையில்தான் நான் தினமும் பட்டறைக்குப் போய்வருகிறேன். கைதிகளைப் பார்க்க வந்த குடும்பத்தார் பையும் பழமுமாகக் காத்திருப்பதைப் பார்க்காத நாள் குறைவு. அவர்களில் ஒரு திரைநட்சத்திரத்தின் குடும்பத்தையோ ஒரு பெரிய விளையாட்டு வீரரின் குடும்பத்தையோ நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் குற்றமே செய்வதில்லை என்பதா இதற்குக் காரணம்?

சில தேதிகளை மட்டும் சொல்கிறேன். ஜோத்பூர் அருகே மான் வேட்டையாடிய வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரல் 5ஆம் நாள் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றம் நடந்தது 1998இல். தீர்ப்புக்குப் பின் அவர் சிறையில் கழித்தவை இரண்டு இரவுகள். ஏப்ரல் 7ஆம் நாள் பிணையில் வெளியே வந்துவிட்டார். 2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் படுத்திருந்தவர்கள் மீது கார் ஏறி ஒருவர் இறந்த வழக்கில், 2015 மே 6ஆம் நாள் அவருக்கு ஐந்தாண்டு விதிக்கப்பட்டது. அன்றைக்கே உயர் நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் விடுதலையும் செய்தது. பாட்டியாலாவில் 1988இல் நடந்த சாலைச் சண்டையில் 65 வயது முதியவர் ஒருவர் இறந்தார். அவ்வழக்கில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் விதித்தது ஆயிரம் ரூபாய் அபராதம்.

என்னுடைய கருத்து இதுதான். புகழும் பணமும் உள்ளவர் குற்றம் செய்தால், அதே குற்றத்தைச் சாதாரண மனிதர் செய்தால் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு தண்டனை என்று சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இலட்சக்கணக்கான இளைஞர்கள் அவர்களைப் பார்த்து நடக்கிறார்கள். ஐந்தாண்டு இரண்டு இரவாகச் சுருங்குமானால், பத்தாண்டு விதித்தால் நான்கு இரவுகளாவது மிஞ்சும் அல்லவா? மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

பவானி வழக்கறிஞர், பவானி:

நொய்யல்கரைவாசி அண்ணாவின் வருத்தம் நியாயமானது. அவர் சொல்லும் மருந்துதான் நோய்க்குப் பொருந்தவில்லை. முப்பதாண்டுகளாகக் குற்றவியல் நீதிமன்றங்களில் நின்றுகொண்டிருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். தண்டனையின் நீளம் தீர்ப்பு நாளில் முடிவாவதில்லை. முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டப்பிரிவு எழுதப்படுகிறது, குற்றப்பத்திரிகையில் அது நிற்கிறதா, விசாரணையில் தாக்குப்பிடிக்கிறதா என்பதிலேயே பெரும்பாலும் அது முடிவாகிவிடுகிறது.

சித்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை நீதிமன்றம் 1999இல் அவரை விடுவித்தது. பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 2006இல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு மூன்றாண்டு விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வெறும் காயம் விளைவித்ததாக மட்டும், அதாவது இந்தியத் தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவின்கீழ், குற்றம் கண்டது. அந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனையே ஓராண்டுதான். இறந்தவரின் குடும்பம் விடாமல் மறுசீராய்வு மனு போட்டது. 2022 மே 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஓராண்டு முழுவதையும் விதித்தது. ஆக, அவருக்கு இறுதியில் கிடைத்தது சட்டம் அனுமதித்த உச்ச அளவு. ஓராண்டு போதுமா என்று கேட்பவர், 323 போதுமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பாந்த்ரா வழக்கும் இப்படித்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற 304ஏ பிரிவுக்கு அன்றைக்கு உச்சத் தண்டனை இரண்டாண்டு. 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்குப் பத்தாண்டு. இந்த இரண்டில் எது பொருந்தும் என்ற வழக்காட்டத்திலேயே பல ஆண்டுகள் ஓடின. பத்தாண்டுப் பிரிவின்கீழ் புதிய விசாரணை தொடங்கும்போது சம்பவம் நடந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நடிகர் சஞ்சய் தத் வழக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஆயுதச் சட்டத்தின்கீழ் மட்டுமே குற்றவாளி எனப்பட்டார். 2007இல் ஆறாண்டு விதிக்கப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாண்டாக, அந்தப் பிரிவுக்கு அன்றிருந்த குறைந்தபட்ச அளவாக, ஆக்கியது. அதே வழக்கில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் ஆயுதத்தை வீட்டில் வைத்திருந்ததற்காகத் தடா சட்டத்தின்கீழேயே ஐந்தாண்டு பெற்றார். எண்ணைப் பார்த்தால் இருவருக்கும் ஒன்றுதான். பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் குற்றவாளி என்ற பெயர் அந்த அம்மையாருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. சமநீதி தவறியதா என்று ஆராய வேண்டிய இடம் இது. இரண்டு மடங்குத் தண்டனை என்ற விதியைக் கொண்டுவந்து இதைச் சரிசெய்ய முடியாது.

சங்ககிரி லாரிக்காரர், சங்ககிரி:

வக்கீல் ஐயா சொன்னதை நான் சொந்த அனுபவத்தில் அறிந்திருக்கிறேன். எங்களிடம் இரண்டு லாரிகள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஓட்டுநர் ஒருவர் வெளிமாநிலத்தில் விபத்தில் சிக்கினார். இருசக்கர வண்டியில் வந்தவர் இறந்துவிட்டார். எங்கள் ஓட்டுநர் ஓடவில்லை. வண்டியை நிறுத்தி, காவல் நிலையத்துக்கு அவரே போனார். போட்ட வழக்கு பிணையில் விடத்தக்க பிரிவுதான். ஆனால் அந்த ஊரில் சொத்துச் சான்றோடு ஆள் ஜாமீன் நிற்க எங்களுக்கு யாரும் இல்லை. மொழி தெரியாத ஊரில் வக்கீல் பிடித்து, இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடிக் கூட்டிச்செல்வதற்குள் இருபத்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன. குற்றம் நிரூபிக்கப்படாத மனிதர் கழித்த இருபத்து மூன்று இரவுகள் அவை. ஐந்தாண்டு தண்டனை பெற்றவர் கழித்தவை இரண்டு இரவுகள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அதனால்தான் தண்டனையைக் கூட்டுங்கள் என்ற பேச்சைக் கேட்டால் எங்களுக்கு அச்சம் வருகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சம்ஹிதையில் கவனக்குறைவு மரணத்துக்கான உச்சத் தண்டனை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் கூட்டப்பட்டது. விபத்து நடந்த இடத்தை விட்டுத் தகவல் சொல்லாமல் சென்றால் பத்தாண்டு வரை என்று 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அதை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நடைபாதையில் படுத்திருந்தவர் மீது ஏறிய பெரிய மனிதரின் காரை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் கடுமை, நள்ளிரவில் கும்பல் அடித்துவிடுமோ என்று உயிருக்கு அஞ்சி வண்டியை விட்டு ஓடும் நாமக்கல் ஓட்டுநர் ஒருவரின் மீதுதான் கடைசியில் விழும். பெரியவருக்கு என்று தனியாக எழுதினாலும், யார் பெரியவர் என்று முடிவு செய்யப்போகிறவர் யார்?

பழைய ரசிகன், ஈரோடு:

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இளமையில் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளராக இருந்தவன். ஆதலால் நடிகருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த இழையில் இதுவரை விடுபட்ட ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1944ஆம் ஆண்டு சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் குத்திக் கொல்லப்பட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். நம் கோவைத் திரையுலகைச் சேர்ந்த ஸ்ரீராமுலு நாயுடுவும் அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார். அவரை விசாரணையிலேயே விடுவித்துவிட்டார்கள். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய பிறகு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். அதற்குள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன. கலைவாணர் மீண்டு வந்தார். பாகவதர் மீளவே இல்லை. ஒப்பந்தமான படங்கள் கைவிட்டுப் போயின, 1959இல் காலமானார்.

அன்றைக்கு இரண்டு மடங்குத் தண்டனை என்ற சட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புகழ் ஒருவருக்குக் கவசமாவதும் உண்டு, ஊர் முழுவதும் கல்லெறியும் குறியாக அவரை ஆக்குவதும் உண்டு. பாகவதரின் வழக்கை மேல்நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோகப் பணம் இருந்தது. இல்லாமலிருந்தால் அந்தத் தவறு வெளிப்பட்டிருக்கவே வழியில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

திருப்பூர் தங்கை, திருப்பூர்:

இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். என் அண்ணன் சாய ஆலையில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது அவிநாசி சாலையில் கார் மோதி இறந்தார். காரை ஓட்டியவர் சினிமாக்காரர் அல்லர். ஆனால் எங்கள் பகுதியில் அந்தக் குடும்பத்தை அறியாதவர் இல்லை. கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ்களில் முதல் வரியில் அவர்கள் பெயர் இருக்கும்.

வழக்கு எட்டாண்டுகளுக்கு மேல் நடந்தது. வாய்தா வாங்கி வாங்கியே காலம் போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் அரை நாள் சம்பளத்தை இழந்து போய் நின்றேன். சென்ற ஆண்டு தீர்ப்பு வந்தது. குற்றம் உறுதியாயிற்று என்று நீதிமன்றம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. தண்டனை என்ன தெரியுமா? நீதிமன்றம் கலையும் வரை சிறை, அதோடு பத்தாயிரம் ரூபாய் அபராதம். அன்று மாலை ஐந்து மணி வரை அவர் நீதிமன்ற அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனார். எங்களுக்கு உதவிய அரசு வழக்கறிஞரிடம், இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். தண்டனை குறைவு என்று நீங்கள் மேல்முறையீடு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

பழைய ரசிகர் ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணனின் உயிருக்கு ஒரு பகல்பொழுது என்பது எந்தக் கணக்கு என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

நொய்யல்கரைவாசி, கோயம்புத்தூர்:

தங்கை அவர்களே, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். நான் எண்ணை மட்டும் பார்த்துப் பேசியிருக்கிறேன். லாரிக்கார அண்ணன் சொன்ன இருபத்து மூன்று இரவுகளையும், நீங்கள் சொன்ன அந்த ஒரு பகலையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. வக்கீல் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: தண்டனை பெற்றவர் அது அதிகம் என்று மேல்முறையீடு செய்யலாம் என்றால், இறந்தவரின் குடும்பம் அது குறைவு என்று செய்ய முடியாது என்பது உண்மைதானா? அத்துடன், விதித்த தண்டனை சிறைக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பதை அறிந்தவர் யாரேனும் இருந்தால் எழுத வேண்டும்.

ஓய்வு பெற்ற சிறைக்காவலர், சேலம்:

நான் மூன்று சிறைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்று குறிப்பிட வேண்டியதில்லை.

கடுங்காவல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் மனத்தில் வருவது கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. அந்தக் காலம் போய்விட்டது, போனது நல்லது. இன்றைக்குக் கடுங்காவல் என்றால் தையல், நெசவு, அடுமனை, தோட்டம் போன்ற ஒரு வேலையைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று பொருள். எரவாடா சிறையில் சஞ்சய் தத் காகிதப் பை செய்தார். பாட்டியாலாவில் சித்துவுக்கு எழுத்தர் வேலை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; படித்த கைதிக்கு எழுத்து வேலை கொடுப்பது எல்லாச் சிறையிலும் வழக்கம்.

வேலைக்கும் நன்னடத்தைக்கும் தண்டனைக் குறைப்பு உண்டு. அதுவும் எல்லோருக்கும் பொதுவானது. சித்து 2022 மே 20ஆம் நாள் சரணடைந்து 2023 ஏப்ரல் 1ஆம் நாள் வெளியே வந்தார். ஓராண்டில் ஏழு வாரம் குறைந்தது. சஞ்சய் தத் எட்டு மாதங்களுக்கு மேல் முன்னதாக, 2016 பிப்ரவரி 25ஆம் நாள் விடுதலையானார். இந்தக் குறைப்பை நான் தவறு என்று சொல்லவே மாட்டேன். குறைப்பு என்ற ஒன்று இல்லாவிட்டால் சிறைக்குள் ஒழுங்கை நிலைநாட்ட முடியாது என்பதை உள்ளே வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

வேறுபாடு தெரிவது விடுப்பில். சஞ்சய் தத் அந்தச் சிறைக்காலத்தில் நூறு நாட்களுக்கு மேல் வெளியே இருந்தார். 2017இல் இருபதாண்டு தண்டனை பெற்ற சாமியார் குர்மீத் ராம் ரகீம், படத்திலும் நடித்தவர். இதுவரை பத்து முறைக்கு மேல் அவரை அரியானா அரசு வெளியே விட்டிருக்கிறது. விதிப்படிதான் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் வேலை பார்த்த ஒரு சிறையில், தாய் இறந்துவிட்டாள் என்று அவசர விடுப்புக் கேட்ட கைதி ஒருவரின் மனு, காவல் நிலைய அறிக்கைக்கும் நன்னடத்தை அலுவலர் அறிக்கைக்கும் காத்திருந்தது. அனுமதி வந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. வழிக்காவலுடன் போய்ச் சமாதியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவருக்குக் காவலாகப் போனவன் நான். விதி இருவருக்கும் ஒன்றுதான். கோப்பு நகரும் வேகம் ஒன்றல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாநிலச் சிறை விதிகளில் ஏ வகுப்பு, பி வகுப்பு என்று கைதிகளைப் பிரிக்கும் முறை உண்டு. சமூக நிலை, கல்வி, பழகிய வாழ்க்கை முறை ஆகியவற்றைப் பார்த்து அந்த வகுப்பு தரப்படுகிறது. வெளியே வசதியாக வாழ்ந்தவருக்கு உள்ளேயும் கட்டில், தனி உணவு, கூடுதல் வசதி. மற்றவர்களுக்குத் தரையும் வரிசையும். பிரிட்டிஷ் காலத்தில் வந்த இந்தப் பிரிவினையை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. கன்னட நடிகர் தர்ஷன், பெங்களூர்ச் சிறையில் சிகரெட்டும் கோப்பையுமாக நாற்காலியில் அமர்ந்திருந்த படம் 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. அவரைப் பல்லாரிச் சிறைக்கு மாற்றினார்கள். அவர்மீதான கொலை வழக்கு இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்ட் 14ஆம் நாள் அவரது பிணையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சிறைக்குள் தனிச்சலுகை கூடாது என்று அதிகாரிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் படித்த அன்று, நாற்பதாண்டு முன்பே யாராவது எங்கள் மேலதிகாரிகளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

பொள்ளாச்சி ஆசிரியை, பொள்ளாச்சி:

எங்கள் ஊரின் பெயர் 2019 பிப்ரவரியிலிருந்து எந்த வழக்கோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொல்லவே எங்கள் மாணவிகள் கூசிய காலம் ஒன்று இருந்தது. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. செல்வாக்கு பற்றிய பேச்சு தொடக்கம் முதலே அந்த வழக்கைச் சூழ்ந்திருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் உறுதியாக நின்றார்கள்; சாட்சிகள் பிறழவில்லை. தண்டனையை நீளமாக்கியது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

காலமும் முக்கியம். கர்நாடகத்தில், முன்னாள் பிரதமரின் பேரனும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரஜ்வல் ரேவண்ணா 2024 மே 31ஆம் நாள் கைதானார். வீட்டு வேலை செய்த பெண்ணை வன்கொடுமை செய்த வழக்கில் 2025 ஆகஸ்ட் 2ஆம் நாள் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பதினான்கே மாதங்கள். மேல்முறையீடு அவருடைய உரிமை, அது நடக்கட்டும். ஆனால் ஒரு வேலைக்காரப் பெண்ணின் சொல் அவ்வளவு பெரிய குடும்பத்துக்கு எதிராக நிற்க முடிந்ததற்குக் காரணம், சாட்சியம் பழையதாகிப் போவதற்கு முன் விசாரணை முடிந்ததுதான். 1998இல் நடந்ததை 2018இல் விசாரித்து முடிக்கும்போது யாருடைய நினைவு தெளிவாக இருக்கும்?

ஆகவே ரசிகர் ஐயாவிடமிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறேன். பாகவதர் இழந்ததை மறுக்கவில்லை. ஆனால் மேல்நீதிமன்றம் என்பது பணம் உள்ளவருக்குத் தண்டனையைக் குறைக்கும் இடமாக மட்டுமே இருக்கக் கூடாது. தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தம் காதலியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 2014இல் ஐந்தாண்டு விதித்தார்கள். அரசுத் தரப்பு விடவில்லை. மேல்முறையீட்டில் அது கொலைக்குற்றம் என்றானது. 2016இல் ஆறாண்டு, அதுவும் போதாது என்று 2017 நவம்பரில் பதின்மூன்று ஆண்டு ஐந்து மாதம். 2024 ஜனவரியில்தான் அவர் பரோலில் வெளியே வந்தார். அங்கே மேல்முறையீட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது.

சங்ககிரி லாரிக்காரர், சங்ககிரி:

ஆசிரியை அம்மா சொன்ன வேகம் எல்லா வழக்குக்கும் வர வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வழக்கில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. தனி நீதிமன்றம் இருந்தது. திருப்பூர்த் தங்கையின் அண்ணனுக்காக யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் வேகமாக ஓடும் நீதி எங்களுக்குப் போதாது.

பவானி வழக்கறிஞர், பவானி:

இரண்டு நாட்கள் நீதிமன்ற வேலையாக இருந்ததால் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். நொய்யல்கரைவாசி அண்ணா கேட்டதற்கு வருகிறேன்.

ஆம், உண்மைதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் 2009ஆம் ஆண்டு முதல் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை தரப்பட்டது. விடுதலையை எதிர்க்கலாம், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்க்கலாம், இழப்பீடு குறைவு என்றும் போகலாம். ஆனால் தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் போக முடியாது. 2020இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தண்டனையைக் கூட்டக் கேட்கும் மேல்முறையீடு அரசுக்கு மட்டுமே உரியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதையிலும் இந்த நிலை மாறவில்லை. ஆகவே, தண்டிக்கப்பட்டவர் செல்வாக்குள்ளவராகவும் அரசு அக்கறையற்றதாகவும் இருந்தால், தண்டனை குறைவு என்று கேட்க வேண்டிய ஒரே வாயும் மூடிக்கொள்கிறது. பிரபலங்களின் தண்டனை குறைவாக இருப்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் முதன்மையான காரணம் இதுதான் என்பது என் கருத்து. நாம் திருத்தம் கேட்பதானால் இரண்டு மடங்கு தண்டனைக்காகக் கேட்க வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்கு இந்த ஓர் உரிமையைத் தாருங்கள் என்று கேட்போம். அது நடிகருக்கும் பொருந்தும், ஊர்ப் பெரியவருக்கும் பொருந்தும். ஏழை ஓட்டுநரைக் கூடுதலாக வதைக்கவும் செய்யாது, ஏனெனில் உச்ச அளவு மாறுவதில்லை.

லாரிக்கார அண்ணனின் ஓட்டுநரைப் பற்றியும் ஒரு சொல். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். 2022ஆம் ஆண்டு அரசுக் கணக்கில் 5,73,220 பேரில் 4,34,302 பேர். ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். எழுதுகிறார்களா என்று கேட்பது நம் கடமை. தண்டனை பெற்ற நடிகருக்கு அன்று மாலையே பிணை கிடைத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் தண்டனையை நிறுத்திவைப்பது சட்டம் அனுமதிப்பது. அதே மாலை எல்லோருக்கும் ஏன் வாய்ப்பதில்லை என்பதே என் வழக்கு.

இப்போது திருப்பூர்த் தங்கைக்கு. அம்மணி, மேல்முறையீடு செய்ய முடியாது என்று உங்களிடம் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அது பாதி விடைதான். தண்டனையைக் கூட்டக் கோரிக் குற்றவியல் சீராய்வு மனு போட உங்களுக்கு வழி உண்டு. சீராய்வில் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. காலவரம்பு தொண்ணூறு நாட்கள். இதை உங்களிடம் அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூர் தங்கை, திருப்பூர்:

ஐயா, தொண்ணூறு நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. சீராய்வு என்ற சொல்லையே நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன். தீர்ப்பு நகல்கூட நான் வாங்கவில்லை. முடிந்துபோனது என்று நினைத்து, வழக்குக் காகிதங்களை எல்லாம் அண்ணனின் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

பவானி வழக்கறிஞர், பவானி:

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடலாம். உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதே ஒரு காரணம். நீதிமன்றம் ஏற்கும் என்று உறுதி தர என்னால் முடியாது. கேட்காமல் விடவும் கூடாது. முதலில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். வழக்கு எண் இருந்தால் போதும். கட்டணம் வேண்டாம் அம்மணி.

திருப்பூர் தங்கை, திருப்பூர்:

பையை இறக்கிவிட்டேன் ஐயா. வழக்கு எண் முதல் வாய்தா சீட்டிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன்; நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஈரோடு வழியாகப் பேருந்தில் பவானி வருகிறேன்.